அகதிகள் புதுப்பித்த ஆலயம்

ஓர் ஆலயத்தைக் கட்டுவோர் ஒருவர். அதைக் காப்போர் வேறொருவர். இவ்வுண்மைக்குத் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரிலுள்ள கிரிமிய ஞாபகார்த்த ஆலயம் தக்கதொரு சான்றாகும். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அதன் சரித்திரம் பெரிதும் பொருந்துவதாதலின், அதை நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1853 முதல் 1856 வரை நடைபெற்ற கிரிமிய யுத்தத்தில் பிரிட்டனும் துருக்கியும் ஓரணியில் நின்று ருஷ்யாவை எதிர்த்தன. அதில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களின் நினைவாக இவ்வாலயம் எழுந்தது. இதற்குரிய நிலத்தைத் தந்தவர் இஸ்லாமிய மன்னரான சுல்தான் அப்துல் மஜீத் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கட்டடத் திட்டத்திற்காக நிகழ்ந்த போட்டியில் வில்லியம் பர்ஜஸ் முதற்பரிசு பெற்றார். எனினும் அவரது திட்டம் நிறைவேறவில்லை. இரண்டாம் பரிசு பெற்ற ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்பாரிடமே பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. லண்டன் மாநகரின் பெரிய நீதிமன்றக் கட்டடத்தைப் பின்னாளில் அமைத்த சிற்பியும் அவரே. 1858இல் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1868இல், ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கலதா கோபுரத்திற்கு அண்மையில், கூர்வளைவுகளும் உயர்ந்த விதானமும் கொண்டு, காதிக் பாணியில் அது விளங்குகின்றது.

காலம் மாறிற்று. 1923இல் தலைநகர் அங்காராவுக்குப் பெயர்ந்தது. நாளடைவில் ஆங்கிலேயரின் தொகை அருகிற்று; வழிபட வருவோரும் குறைந்தனர். 1970களில் ஆலயம் மூடப்பட்டது. கல்லால் ஆன கட்டடமாயினும், ஆள் புழங்காவிடின் அழிவு விரைந்து வரும். கூரையில் ஓடு ஒன்று விலகினால் போதும். மழைநீர் உட்புகும், சுண்ணக்காரை உதிரும், மரம் உளுத்துப்போகும்.

அந்நிலையில் அயன் ஷெர்வுட் என்னும் குருவானவர் அங்கு வந்து சேர்ந்தார். அவருடைய முயற்சியால் திருப்பணி நிகழ்ந்து, 1991இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பணியில் கைகொடுத்தவர் யாவர்? இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்து அந்நகரில் தங்கியிருந்தோர்! தமக்கென ஒரு கூரை இல்லாதவர்கள், பிறர் மறந்துவிட்ட கூரையைச் செப்பனிட உழைத்தனர். பேரரசு ஒன்றின் வெற்றிச் சின்னமாகத் தோன்றிய கட்டடம், நாடிழந்தோரின் உழைப்பால் மறுவாழ்வு பெற்றது. பல நாட்டு மக்களும் கூடி வழிபடும் இடமாகவும் அது மாறியது. அங்குள்ள மரத்திரையில் மங்கோ மக்காஷ் என்னும் ஸ்காட்லாந்து ஓவியர், இஸ்தான்புல்லில் வாழ்ந்த பலருடைய முகங்களைப் பிற்காலத்தில் தீட்டியுள்ளார். மாண்டோருக்காக எழுந்த ஆலயத்தில் வாழ்வோரும் இடம்பெற்றனர்.

அயலூரில் நாம் எழுப்பும் மன்றங்களும் பள்ளிகளும் கோயில்களும் நம் காலத்திற்குப்பின் என்னவாகும் என்று நம்மவர் கவலுவதுண்டு. அவற்றைக் கட்டியவர் பெயர் கல்லில் நிற்கலாம். கட்டடம் நிற்பது வருவோரால்தான். ஆதலின் புதிதாய் வருவோர் எவராயினும், எம்மொழியினராயினும், கதவைத் திறந்து வைப்போமாக. நாளை நம் கூரையைக் காக்கும் கரங்கள் அவர்களுடையனவாகவும் இருக்கலாம்.