இரண்டே நாவல்கள்: ப. சிங்காரம்

எழுதியது இரண்டே நாவல்கள். ஆனாலும் தமிழ் நாவல்களைப் பற்றிப் பேசும்போது இவர் பெயரை விட்டுவிட முடியாது. அவர்தான் ப. சிங்காரம்.

சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கப்பலேறி, இன்றைய இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை அங்கே நுழைந்த காலத்தை நேரில் கண்டார். போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியாற்றினார்.

மெடானில் பெற்ற அனுபவத்தில் விளைந்தவையே ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்கள். முதல் நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. அதில், நேதாஜியின் படையில் இருந்து திரும்பிய செல்லையாவுக்கு, வட்டிக்கடை முதலாளி தன் மகளைக் கட்டிக்கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்தில் பழகியவன் கடைக்கு ஒத்துவருவானா என்பது அவர் கணக்கு.

இரண்டாவது நாவல் பதிப்பாளர் கிடைக்காமல் பல ஆண்டுகள் காத்திருந்து, 1972-இல்தான் வெளிவந்தது. அதன் நாயகன் பாண்டியன். மெடான், பினாங்கு என்று அலையும் அவன் நினைவில் மதுரைத் தெருக்கள் வந்துபோகும். போர்க்களமும், வட்டிக்கடைப் பையன்களின் அரட்டையும், தமிழ்ப் பெருமையைச் சீண்டும் கிண்டலும் அதில் கலந்தே வரும்.

சிங்காரம் 1997-இல் காலமானார். புதிதாகப் படிக்க வருபவர்கள் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் தொடங்கலாம். அளவில் சிறியது, கதையோட்டம் நேரானது. அதன்பின் தோணியில் ஏறுங்கள்!