மறையும் கமென்ட், மறையாத கமென்ட்

"இந்த வரியை மாற்றினால் வட்டிக் கணக்கு தப்பும்." நிரலாளர்கள் தங்களுக்கும் சக ஊழியர்களுக்கும் நிரலின் நடுவே இப்படி எழுதிவைக்கும் குறிப்புகள்தான் கமென்ட். கணினி இவற்றைக் கண்டுகொள்ளாது என்று முதல் பாடத்திலேயே சொல்லித்தருவார்கள். சி மொழிக்கு அது பொருந்தும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லுக்குப் பொருந்தாது.

சி மொழியில் /* என்று தொடங்கி */ என்று முடிவது கமென்ட். கம்பைலர் நிரலைப் பல கட்டங்களாகக் கையாள்கிறது. மூன்றாவது கட்டத்திலேயே ஒவ்வொரு கமென்ட்டும் நீங்கி, அந்த இடத்தில் ஒற்றை இடைவெளி வந்துவிடும். பத்துப் பக்கம் எழுதினாலும் அதே ஓர் இடைவெளிதான். எனவே 'இன்ட்/**/வயது' என்று ஒட்டி எழுதினாலும் கம்பைலர் அதை இரண்டு சொற்களாகவே படிக்கும். 1989-இல் வந்த அமெரிக்கத் தர நிர்ணயத்துக்கு முன்பு சில கம்பைலர்கள் இடைவெளிகூட விடாமல் கமென்ட்டை நீக்கின. அதைக்கொண்டு இரண்டு சொற்களை ஒன்றாக ஒட்டும் தந்திரமும் புழக்கத்தில் இருந்தது. புதிய தரம் அந்த வழியை அடைத்து, ஒட்டுவதற்கென்றே ## என்ற குறியைக் கொடுத்தது.

எச்டிஎம்எல்லில் கமென்ட் <!-- என்று தொடங்கி --> என்று முடியும். பிரவுசர் அதைத் திரையில் காட்டாது. ஆனால் நீக்கிவிடுவதும் இல்லை. பக்கத்தைப் படித்து நினைவகத்தில் அமைக்கும் 'டாம்' என்ற கட்டமைப்பில், தலைப்புக்கும் பத்திக்கும் இடம் இருப்பதுபோல கமென்ட்டுக்கும் இடம் உண்டு. அதன் வகை எண் 8. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைத் தேடி எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு படி மேலே போனது. அதன் 5 முதல் 9 வரையிலான பதிப்புகள், கமென்ட்டுக்குள் எழுதிய நிபந்தனையைப் படித்து அதன்படி செயல்பட்டன. பழைய பதிப்புகளுக்கு மட்டும் தனி ஸ்டைல் ஷீட் அனுப்ப வடிவமைப்பாளர்கள் பல ஆண்டுகள் இதையே நம்பியிருந்தார்கள். 2012-இல் வந்த 10-ஆம் பதிப்பு அந்த வசதியைக் கைவிட்டது.

கமென்ட் எழுதும் விதியில் எக்ஸ்எம்எல் மொழி இன்னும் கண்டிப்பானது. கமென்ட்டின் நடுவே இரட்டைக் கோடு (--) வந்தாலே அந்தக் கோப்பு பிழையானது.

சி கமென்ட் மறைந்துவிடும், எச்டிஎம்எல் கமென்ட் மறையாது என்ற வேறுபாட்டை அறியாதவர்கள் பாதுகாப்பைக் கோட்டைவிடுகிறார்கள். எச்டிஎம்எல் கமென்ட்டில் எழுதிய சோதனைக் கடவுச்சொல்லும் சர்வர் முகவரியும் பக்கத்தோடு சேர்ந்தே வாசகரின் கணினிக்குப் போய்விடும். 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் யாரும் படிக்கலாம். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் சோதனைக் கையேடும் கமென்ட்டுகளைத் துருவிப் பார்க்கச் சொல்கிறது. உள்விவகாரக் குறிப்புகளை பிஎச்பி போன்ற சர்வர் மொழியின் கமென்ட்டாக எழுதினால் அவை சர்வரிலேயே தங்கிவிடும். கடவுச்சொல்லை மட்டும் எந்தக் கமென்ட்டிலும் எழுதக் கூடாது.