மட்டம் போடும் பிள்ளையும் கைவிடாத கரமும்



உங்கள் மகன் காலையில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸலாம் கூறிப் புறப்படுகிறான். அவன் பள்ளிக்கூட வாசலை மிதித்தானா என்று என்றைக்கேனும் விசாரித்ததுண்டா? இக்கேள்வியை ஓர் அரசுத் துறையே தன் கவலையாக ஏற்றுக்கொண்ட வரலாறு ஒன்றுண்டு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது நமது மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவாகும். தவறிழைத்தவரைச் சிறையில் தள்ளாது, நிபந்தனைகளோடு வெளியே விட்டு, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைக்கும் முறை அந்நாட்டில் பழமையானது. 1841-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் காலணி தைக்கும் தொழில் செய்த ஜான் அகஸ்டஸ், நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரனுக்குத் தாமே பிணை நின்று திருத்திக் காட்டினார். அதுவே இம்முறைக்கு வித்தாயிற்று. 1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதனைச் சட்டமாக்கியது. 1899-இல் சிகாகோவில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது.

ஆரஞ்சு கவுண்டியின் நன்னடத்தைத் துறையினர் 1980-களில், முதன்முறையாகக் குற்றம் செய்து தம்மிடம் வந்த சிறாரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பெரும்பாலோர் மறுமுறை வரவே இல்லை. நூற்றுக்கு 8 பேர் மட்டுமே குறைந்தது நான்கு முறை கைதாயினர். ஆனால், மீண்டும் நிகழ்ந்த வழக்குகளில் 55 விழுக்காட்டிற்கு அந்தச் சிறு கூட்டமே காரணமாயிருந்தது!

யார் அந்த எட்டுப் பேர்? மிக இளம் வயதிலேயே வழி தவறியவர்கள். அவர்களிடம் சில அறிகுறிகள் சேர்ந்தே காணப்பட்டன. பள்ளிக்கு மட்டம் போடுதலும் பாடத்தில் தோல்வியும். வீட்டில் புறக்கணிப்பும் பூசலும். மது, போதைப் பழக்கம். தீய கூட்டாளிகள், களவு, வீட்டை விட்டு ஓடுதல். இவற்றுள் மூன்றேனும் கொண்டிருந்த, 15 வயதை ஒட்டிய சிறாரை முதற்குற்றத்தின்போதே இனங்கண்டு உதவுவதென்று அத்துறை முடிவு செய்தது.

அதற்கென இளைஞர், குடும்ப உதவி மையங்கள் அமைந்தன. நன்னடத்தை அலுவலர், ஆசிரியர், மனநல ஆலோசகர், போதை ஒழிப்பு ஆலோசகர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். பிள்ளைக்கு அங்கேயே பாடம் நடந்தது. பெற்றோரும் அழைக்கப்பட்டனர். பிள்ளையைத் திருத்தி, மாறாத வீட்டிற்குத் திருப்பி அனுப்பினால் பயன் என்ன என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தண்டனை ஒன்றையே நம்பிய இடங்களும் உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தில் பள்ளிக்கு வராமை குற்றவியல் வழக்காகவே நெடுநாள் நடத்தப்பட்டது, அபராதமும் விதிக்கப்பட்டது. 2015-இல் அம்மாநிலம் அதனைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிற்று.

சிந்தியுங்கள்! அறிகுறி தென்படும் பிள்ளையெல்லாம் குற்றவாளியாகிவிடுவான் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு முத்திரை குத்துவது பெரும் அநீதி. அவன் கை நழுவுமுன் பற்றிக்கொள்ள நமக்கு அவகாசம் இருக்கிறது என்பதே பொருள்.

வருகைப் பதிவேட்டை நாள்தோறும் திறக்கும் எங்களைப் போன்ற மத்ரஸா ஆசிரியர்களுக்கும் இதில் பாடமுண்டு. ஒரு பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதுவதோடு எங்கள் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அன்று மாலையே அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அப்போது நீங்கள், "குடும்ப மானம் போகுமே" என்று அஞ்சி, "காய்ச்சல், ஹஜ்ரத்" என்று மறைக்காதீர்கள். பிரம்பையும் உடனே தேடாதீர்கள். "ஏன் போகவில்லை, மகனே?" என்று அருகில் அமர்த்திக் கேளுங்கள். பாடம் புரியாத வெட்கமோ, எவருடைய மிரட்டலோ, வீட்டுச் சண்டையோ அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். நம் பொறுப்பிலுள்ளோர் குறித்து மறுமையில் வினவப்படுவோம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். காலணி தைத்த ஓர் எளிய மனிதர் முன்பின் அறியாத ஒருவருக்குப் பிணை நின்றார். நம் பிள்ளைக்கு நாம் நிற்க வேண்டாமா? வல்ல அல்லாஹ் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.