40-க்கு 28

ஜாதகத்தைப் பார்த்தே பிள்ளைக்குப் படிப்பு வருமா, வராதா என்று சொல்லிவிடலாம் என்பார்கள் ஜோதிடர்கள். புதனின் பலம், ஐந்தாமிடம் என்று அதற்குக் கணக்குகள் உண்டு. வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் 2008-இல் புனேயில் கையிலெடுத்தது இந்த ஒரு கூற்றைத்தான்.

பல்கலைக்கழகங்களில் ஜோதிடத்தைப் பாடமாக்க யுஜிசி 2001-இல் முனைந்தபோதே அவர் எதிர்த்தவர். எதிர்த்த வழக்குகள் நிற்கவில்லை. 2004-இல் உச்ச நீதிமன்றமும் பாடத்துக்குத் தடை போட மறுத்துவிட்டது. ஆனால், எங்கோ இருக்கும் சனி இங்கிருப்பவரை எப்படிப் பிடிக்கும் என்ற பழைய வாதத்துக்கு அவர் போகவில்லை. அது நல்ல முடிவு. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பலன் தந்த மருந்துகள் எத்தனையோ உண்டு. காரணம் பிறகு இருக்கட்டும், சொன்னது பலிக்கிறதா?

நரேந்திர தாபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத் தொண்டர்கள் பள்ளிகளிலிருந்து பிறந்த தேதி, நேரம், ஊர் ஆகிய விவரங்களைத் திரட்டினார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் 100 பேர். ஜோதிடர்களுக்குச் சலுகை காட்டிய ஏற்பாடு இது. சுமாராகப் படிப்பவரையும் கொஞ்சம் நன்றாகப் படிப்பவரையும் பிரித்துக்காட்டச் சொல்லவில்லை. ஜாதகங்களைக் கணினி கணித்தது. பெயருக்குப் பதில் எண். எந்த எண் யாருடையது என்ற குறிப்பு புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டேயின் பொறுப்பில் புனே பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஜோதிடரிடம் ஜாதகத்தைத் தவிர எதுவும் போகவில்லை. நேரில் பார்க்கும்போது பெற்றோரின் முகமே பாதி பலனைச் சொல்லிவிடுமே!

ஜோதிடர் ஒருவருக்கு 40 ஜாதகங்கள். ஒவ்வொன்றும் எந்த வகைப் பிள்ளையுடையது என்று அவர் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய 20 சரியாக வரும். ஆகவே 28 சரியாக இருந்தால்தான் கணக்கில் கொள்வது என்று வைத்தார்கள். குருட்டு யோகத்தில் ஒருவர் 28-ஐத் தொட, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பலித்தது எது, பலிக்காதது எது என்ற வரையறை, விடை தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வழக்கமான ஜோசியத்தில் இது நடப்பதில்லை. நடந்தால் ஜாதகம், நடக்காவிட்டால் பரிகாரம் சரியாகச் செய்யவில்லை.

27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். அதிகபட்சம் 24, அதுவும் ஒருவருக்கு. இருவருக்கு 22. மற்ற 24 பேரில் ஒருவரும் 20-ஐத் தாண்டவில்லை. 24 வாங்கியவரிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் 27 பேர் சும்மா நாணயம் சுண்டினாலே அவர்களில் மூன்று பேராவது 24-ஐ எட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். இங்கே ஒருவர்தான் எட்டினார்.

ஜாதகம் கணித்த முறையைக் குறை சொல்ல இடமுண்டு. நம்மூரிலேயே பஞ்சாங்கங்கள் ஒத்துப்போவதில்லை: திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17-ஆம் தேதி; வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி. இடையில் பதினோரு மாதம். எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதையும் இதே மாதிரி எண் போட்டு, விடையை மறைத்துவைத்துச் சோதிக்க முடியும். இதுவரை இரண்டு தரப்புக்கும் ராசிபலன் புத்தகம் விற்கிறது.

தனி ஆட்கள் திறமை குறைந்தவர்களாக இருக்கலாம் என்பது அடுத்த ஆட்சேபம். அதற்கும் அந்தச் சோதனையிலேயே ஒரு பதில் கிடைத்தது. ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் மொத்தமாக வாங்கிப் பார்த்தது. அதில் சரியாக வந்தவை 102.