உங்களுக்குத் தெரியுமா? மனச்சோர்வுக்கும் இ.எஸ்.ஐ. பணம் உண்டு!

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தான் அது என்று பலரும் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் நீட்டித்த நோய்க்காலப் பணம் கிடைக்கும் 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனநோய்களும் உண்டு. கடும் மனச்சோர்வின் ஒரு வகை அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதக் கூலி. பட்டியலில் உள்ள நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு வரை! தொடர்ந்து 2 ஆண்டு பணியும், அதில் குறைந்தது 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும்.

மனச்சோர்வு வேலையிடத்தில் அழுகையாக வெளிப்படுவது குறைவு. தையல் கோணும், எண்ணிக்கை மறக்கும், நேரம் தவறும். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது சோம்பல். பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை விழுங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

‘கிரிவலம் போ, சரியாகிவிடும்’ என்பவர்கள் ஊரில் நிறைய. 14 கி.மீ. நடை நல்லதுதான்; ஆனால் இ.எஸ்.ஐ.க்கு வேண்டிய சான்றை மருத்துவர்தான் தர முடியும். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ், 14416: இலவசம், தமிழில், 24 மணி நேரமும்.