லிந்துலை மலையில் ஒரு நீலப் புகை

புதுப்பித்த எஞ்சின் ஒயிலைக் குடித்தால், பழி முதலில் பிஸ்டன் வளையங்களின் மேல்தான் விழும். லிந்துலையில் என் அயலவர் ஒருவரின் மொரிஸ் மைனர் காருக்கும் அவ்வாறே நேர்ந்தது. முச்சக்கர வண்டிகள் மலிந்துவிட்ட இந்நாளிலும் அது வாடகைக்கு ஓடுகிறது. லயங்களிலிருந்து இரவில் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் பெரும்பாலும் அதுவே. கடன் பட்டு, கொழும்புப் பட்டறையொன்றில் சிலிண்டர்களைப் போர் செய்வித்துப் புதிய பிஸ்டன்களும் வளையங்களும் இட்டுக் கொண்டுவந்தார். சில வாரங்களில் நீலப் புகை கண்டது.

அமுக்கமானியை வைத்துப் பார்த்த உள்ளூர் மெக்கானிக், "கொழும்புல 150 இறாத்தல் காட்டுச்சு, இங்க 130கூட இல்லையே! ரிங் போயிருச்சு அண்ணே, எஞ்சினை மறுபடி இறக்கத்தான் வேணும்" என்றார். இறக்கினால் கடன்மேல் கடன்.

பௌதிக ஆசிரியர்கள் இங்கே ஒரு பழைய செய்தியை நினைவு கூரலாம். 1648ஆம் ஆண்டில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள புய்-தெ-தோம் மலைக்குப் பாதரசக் குழாயைச் சுமந்து சென்றார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து நின்றது. லிந்துலை கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே இருப்பது. கொழும்பின் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இங்கே இல்லை. சிலிண்டர் இழுக்கும் காற்றே குறைந்தால் அமுக்கமும் அவ்விகிதத்தில் குறையத்தானே வேண்டும்? 150இல் ஏழில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். மேலும், நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஒயில் ஊற்றி அளந்தபோதும் முள் அதிகம் உயரவில்லை. வளையங்கள் தேய்ந்திருந்தால் அந்த ஒயிலே இடைவெளியை அடைத்து முள்ளை மேலே தூக்கியிருக்கும்.

அப்படியானால் புகை? அது எப்போது வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வைத்தியரோ முதலில் அதைத்தான் கேட்பார். நான் பின்னிருக்கையில் அமர்ந்து நுவரெலியா வரை சென்று வந்தேன். ஏற்றத்தில், பாரம் மிகுந்த வேளையில், பின்னால் பாதை தெளிவாகவே தெரிந்தது. வளையக் குறையானால் அங்கேதான் புகைந்திருக்கும். திரும்புகையில் நானுஓயாவைக் கடந்து நெடுநேரம் காலை எடுத்தபடி இறங்கி, கீழே மீண்டும் மிதித்ததும் நீலப் புகை பொதியாகக் கிளம்பியது.

காலை எடுத்தால் காற்று வழி அடைபடும். சக்கரங்களோ எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அப்போது உட்குழாயில் எழும் வெற்றிடம், வால்வுத் தண்டுக்கும் அதன் கைடுக்கும் இடையிலுள்ள தேய்வின் வழியே மேலிருந்து ஒயிலை உறிஞ்சும். பட்டறையார் கீழ்ப்பகுதியைப் புதுப்பித்தாரேயன்றிக் கைடுகளைத் தொடவில்லை. புதிய வளையங்கள் நன்றாக அடைத்ததால் உறிஞ்சலும் வலுத்தது. பழைய எஞ்சினில் மறைந்து கிடந்த தேய்வு, பழுதுபார்த்ததனாலேயே வெளிப்பட்டது!

சிலிண்டர் தலையை மட்டும் கழற்றிக் கைடுகளையும் தண்டின் ரப்பர் சீல்களையும் மாற்றினார்கள். இரண்டு நாள் வேலை. இப்போதும் கொஞ்சம் ஒயில் செலவாகிறது. சனிக்கிழமை தோறும் அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்த்துவிட்டே அயலவர் வண்டியை எடுக்கிறார்.