உழக்கு மிஞ்சுகிறதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்பது பழமொழி. அந்த உழக்கை மிஞ்சச் செய்யும் நோக்குடன் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. உழவருக்கு அடையாள அட்டை, வாடகையில்லாக் கடை, தராசு ஆகியவை உண்டு, தரகர் இல்லை. மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றாடம் விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது.

இத்தகைய திட்டம் பயன் தருகிறதா என அறிய இரு பணிகள் தேவை. நடக்கும்போதே நாள்தோறும் குறித்து வருவது கண்காணிப்பு. அதனால் யாருக்கு என்ன மாறியது என ஆராய்வது மதிப்பீடு. வந்த உழவர் எத்தனை பேர், வந்த காய்கறி எத்தனை டன் என்பன முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மட்டும் கொண்டு வெற்றி என்று முடிவு கட்டலாகாது.

ஏன்? ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். உழவர் ஒருவரிடம் 50 கிலோ கத்தரிக்காய் இருக்கிறது. மண்டியில் கிலோ 20 ரூபாய் வீதம் 1,000 ரூபாய். தரகு 100, ஏற்றுகூலி 50 போக 850 மிஞ்சும்; போட்டுவிட்டு உடனே வீடு திரும்பலாம். சந்தையில் விலை 24 ரூபாய். ஆனால் 40 கிலோதான் விற்கிறது. வாடிய 10 கிலோவைக் கிலோ 10 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறார். வரவு 1,060. வண்டிச் செலவு 80, அரை நாள் கூலி 200 போக மிச்சம் 780. அனைத்தும் விற்றிருந்தால் 920 மிஞ்சியிருக்கும். ஆகவே, பலகையிலுள்ள விலையன்று, விற்காமல் நின்ற எடையே இலாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. வரத்தைக் குறிப்பது போலவே மிச்சத்தையும் குறிக்க வேண்டும். அந்த அரை நாள் கூலியும் முக்கியம். எங்கள் வீட்டில் காய் பறிப்பவரும் சுமப்பவரும் அம்மாதான். அவர் உழைப்பை நாங்கள் ஒருநாளும் செலவில் எழுதியதில்லை.

அடுத்தது ஒப்பீடு. ஒளிச்சேர்க்கைச் சோதனையில் இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடுகிறோம். மூடிய பகுதி இல்லையேல் அயோடின் காட்டும் நிறம் எதையும் மெய்ப்பிக்காது. அதுபோலவே சந்தைக்கு வராத உழவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழை தவறி விலை ஏறிய ஆண்டில் வருமானம் உயர்ந்தால், அது சந்தையின் பயனா, பருவத்தின் விளைவா? ஒப்பிடும்போது நிலமும் தூரமும் ஒத்திருத்தல் அவசியம். பேருந்து வசதியுள்ள ஊரையும் மலையடிவாரக் குக்கிராமத்தையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

உழவர் போர்வையில் வியாபாரிகள் நுழைவதாகப் புகார்கள் எழுந்ததுண்டு. அவர்கள் நுழைந்தால் டன் கணக்கு உயரும். சிறு உழவர் இடமிழப்பார். ஏட்டில் வெற்றி, வயலில் தோல்வி! எனவே வந்தவர் யார், அவர் நிலம் எவ்வளவு, சென்ற ஆண்டு வந்தவர் ஏன் வரவில்லை என்பவற்றையும் கேட்க வேண்டும். ஓராண்டுக் கணக்கும் போதாது. 2001க்குப் பின் பல சந்தைகள் கவனிப்பாரின்றி நலிந்தன. 2006க்குப் பின்னரே மீண்டும் உயிர்பெற்றன. தொடக்க ஆண்டை மட்டும் அளந்தவர் இதனைக் கண்டிருக்க முடியாது.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நாம் இதற்கு உதவலாம். சந்தை கலையும் வேளையில் வாயிலில் நின்று, திரும்பும் கூடைகளின் எடையைப் பருவந்தோறும் குறித்து வந்தால் போதும். உழவருக்கு உழக்கு மிஞ்சுகிறதா என்பது அப்போது தெரியத் தொடங்கும்.